விலங்கு மாட்டிய தோழி

எங்கள் வீட்டு கேபிளில் டிஸ்னி சேனல் வராது. ‘ஷேக் இட் அப்’ தொடர் அண்ணன் கொண்டுவந்த பென் டிரைவில்தான் எனக்குக் கிடைத்தது, சப்டைட்டில் இல்லாமல். ஆங்கிலம் பாதிதான் புரியும். எங்கே சிரிக்கணும்னு பின்னால் ஓடுகிற சிரிப்புச் சத்தமே சொல்லிவிடும். ஆடும் இடங்களுக்கு அந்த உதவியும் வேண்டியிருக்கவில்லை.

2010 முதல் 2013 வரை மூன்று சீசன் ஓடிய தொடர். சிகாகோவில் சீசீ, ராக்கி என்று இரண்டு தோழிகள். உள்ளூர் டிவி நிகழ்ச்சியில் பின்னால் நின்று ஆடும் வேலை அவர்களுக்கு. பெல்லா தோர்னும் ஜெண்டயாவும் நடித்தது. நகைச்சுவை பெரும்பாலும் மட்டம்தான். வேற்றுநாட்டு இரட்டையரின் உச்சரிப்பை வைத்தே எத்தனை நாள் ஓட்டுவது? சாப்பிடாத மாடல் பெண்ணைப் பற்றி 2011இல் ஒரு ஜோக் வந்தது. டெமி லொவாட்டோ கண்டித்த பிறகு டிஸ்னி அந்த எபிசோடை நிறுத்திவைத்தது.

ஆனால் முதல் எபிசோடு வேறு. டிவியில் ஆட வேண்டும் என்ற வெறி சீசீக்குத்தான். தேர்வில் அவள் பயந்து உறைந்துபோகிறாள், தயங்கிக்கொண்டு வந்த ராக்கி தேர்வாகிறாள். பிறகு நேரலையில், ராக்கி தன் கையையும் சீசீயின் கையையும் விலங்கால் பூட்டி அவளை மேடைக்கு இழுக்கிறாள். இந்த ஒரு காட்சியை மட்டும் நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன்.

காரணம் இருக்கு. பத்தாம் வகுப்பு ஆண்டு விழாவுக்கு நானும் ஒருத்தியும் ஜோடி. ஆட்டம் அவளுக்குத்தான் வரும், நான் அவள் காலைப் பார்த்துப் போடுவேன். விழாவுக்கு மூணு நாள் இருக்கும்போது அவள் அம்மா, “கரகாட்டத்துக்கா புள்ளய அனுப்புறேன்?” என்று நிறுத்திவிட்டாள். அவள் இடத்தில் வேறொருத்தியை நிறுத்தினார்கள். நான் ஆடினேன். கைதட்டலும் வாங்கினேன்.

இந்தத் தொடர்மேல் என் புகார் இங்கேதான். சீசீயைத் தடுக்கும் பயம் அவளுக்குள்ளேயே இருக்கிறது, அதற்கு ஒரு விலங்கு போதும். எங்கள் பக்கம் பயம் தெருவில் இருக்கிறது. கோயில் கொடையில் விடிய விடிய கரகாட்டம் பார்க்கிற அதே தெரு, விடிந்ததும் அந்தப் பெயரையே வசவாக எடுத்துவைத்துக்கொள்கிறது. ‘கரகாட்டக்காரன்’ (1989) படத்துக்கு இது தெரியும். அதில் ஆட்டம் பிழைப்பு. கவுண்டமணியின் தவிலும் செந்திலின் நாதஸ்வரமும் அந்த ஓட்டைக் காரும் நம்மைச் சிரிக்க வைப்பது, எல்லாரும் ஒரே கூலியை நம்பி ஊர் ஊராகப் போவதால்தான். டிஸ்னியில் கூலிக் கவலை வந்தாலும் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

அதற்காக ராக்கியைக் குறைத்துச் சொல்ல மனசு வரவில்லை. தனக்குக் கிடைத்த இடம் முதலில் யாருடைய ஆசை என்பதை அவள் மறக்கவில்லை. நான் அன்று அவள் வீட்டு வாசல்வரைக்கும் போகவில்லை. ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு.

அவள் இப்போது தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறாள். போன மாதம் அந்த முதல் எபிசோடை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ராத்திரி பதினோரு மணிக்குப் பதில் வந்தது.

“ஏட்டி, அந்த வெலங்கு போடுற புள்ள நல்லா ஆடுதா. ஆனா அதப் போட ஏன் அம்புட்டு நேரம் யோசிச்சா?”