மூடிய பெட்டிக்குள் ருவாண்டா

புகைப்படக் கண்காட்சிதான், ஆனால் பார்க்க ஒரு படமும் இல்லை. மங்கிய வெளிச்சத்தில் கறுப்புத் துணி ஒட்டிய ஆவணப் பெட்டிகள் தாழ்ந்தும் உயர்ந்தும் அடுக்கப்பட்டுக் கிடக்கின்றன. ஆல்ஃப்ரெடோ ஜார் 1995-இல் சிகாகோவின் சமகாலப் புகைப்பட அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்த ‘ரியல் பிக்சர்ஸ்’ என்னும் நிறுவல் கலைப்படைப்பு இது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ருவாண்டாவில் எடுத்த ஒரு வண்ணப் படம் உண்டு. திறந்து பார்க்க வழியில்லை. படத்தில் இருப்பவர் யார், எந்த இடம், என்ன நேர்ந்தது என்று மூடியின்மேல் சில வரிகள், அவ்வளவே.

1994 ஏப்ரலில் தொடங்கி சுமார் 100 நாட்களில் அங்கே ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் டுட்சி இனத்தவர். ‘நியூஸ்வீக்’ இதழின் அட்டைக்கு ருவாண்டா வந்தது ஆகஸ்ட் 1 அன்றுதான். அதற்கு முந்தைய வாரங்களின் அட்டைகளை வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றின் கீழும் அந்த வாரம் ருவாண்டாவில் நடந்ததை எழுதி, ஜார் தனியாக ஒரு படைப்பே செய்திருக்கிறார்.

பினோசே ஆண்ட சிலியிலிருந்து வந்தவர் அவர். உண்மையை அரசு எப்படி மூடும் என்பது அவருக்குப் புதிதல்ல. ஆனால் ருவாண்டாவில் நடந்தது வேறு: படங்கள் வெளிவந்தன, உலகம் அசையவில்லை. பார்த்துப் பார்த்து மரத்துப்போன கண்ணும் உண்மையை அழிக்கிறது. அந்தக் கண்ணுக்குத் தீனி போட மறுத்ததில்தான் இவருடைய கலையின் நேர்மை இருக்கிறது.

ஒரு மூடியில் குட்டெட்டே எமெரிட்டாவைப் பற்றிய வரிகள். நட்டாராமா தேவாலயத்தில் கணவரும் இரண்டு மகன்களும் அவர் கண்ணெதிரே வெட்டப்பட்டார்கள். மகளோடு தப்பிச் சதுப்பில் ஒளிந்திருந்தார். படமாகத் தொங்கியிருந்தால் நொடியில் தாண்டிப் போயிருப்போம். படிக்கும்போது அந்த முகத்தை நாமே உருவாக்க வேண்டியிருக்கிறது. உருவாக்கியதை அத்தனை எளிதில் உதற முடிவதில்லை. ஜார் கட்டடக்கலை படித்தவர் என்பதும் இங்கே துணைக்கு வருகிறது. பெட்டிகளின் அடுக்குகள் கல்லறைகளாக எழுந்து, நம் நடையையே மெதுவாக்கிவிடுகின்றன.

மறைத்துவைத்தால் இறந்தவர்கள் இன்னொரு முறை மறக்கப்பட மாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் செய்தித்தாளில் எண்ணிக்கையாகக் கிடந்தவர்களுக்கு இந்த மூடிகள் பெயரும் ஊரும் தருகின்றன. இனப்படுகொலையைப் பற்றி நான் அறிந்த கலைப்படைப்புகளில் இதைவிட மரியாதையானது வேறில்லை.