மூன்று மருந்து, ஒரே களிம்பு

செஞ்சிக் கோட்டையில் ஏறி இறங்கினால் உடை வியர்வையில் நனைந்துவிடும். ஈரம் உலராத இடுப்பும் தொடையிடுக்கும் படர்தாமரைப் பூஞ்சைக்கு உகந்த இடங்கள்.

அரிப்பு என்று மருந்துக் கடையில் கேட்டால் பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாக்கொல்லி, ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்பு கைக்கு வருவதுண்டு. ஓரிரு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ சாவதில்லை. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால் அது பரவுகிறது, தோலும் மெலிகிறது. பூஞ்சையை அழிக்க ஒரு மருந்து, அதற்குத் துணைபோக மற்றொன்று! இது என்ன சிகிச்சை?

2018இல் மைய அரசு 14 ஸ்டீராய்டுகளின் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது என விதித்தது. 2020இல் பெயரிடப்பட்ட 'டிரைக்கோபைட்டன் இண்டோடினியே' என்னும் பூஞ்சை, டெர்பினாஃபின் மருந்துக்கே பலரிடம் பணிவதில்லை.

ஆகவே கலவைக் களிம்பை விலக்குங்கள். மருத்துவர் தந்த பூஞ்சைக்கொல்லியை, தடம் மறைந்த பின்னும், அவர் சொன்ன நாள்வரை தடவுங்கள்.