அழுகைக்கு முன் ஆடிய 31 பந்துகள்

குருணால் பாண்டியா என்றால் புனேயில் மைக் முன்னால் பேச்சு வராமல் அழுததும், தம்பி ஹர்திக் அவரைக் கட்டிக்கொண்டதும்தான் பலருக்கு ஞாபகம் வரும். அதற்குச் சற்று முன் அவர் ஆடிய ஆட்டத்தை நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம்.

2021 மார்ச் 23, புனேயை அடுத்த கஹுஞ்சே மைதானம். கொரோனாவால் காலி காலரிகள். இங்கிலாந்துக்கு எதிரான முதல் ஒருநாள் போட்டியில் அண்ணனுக்கு அறிமுகத் தொப்பியைக் கொடுத்தவர் தம்பி. அப்பா ஹிமான்ஷு ஜனவரி 16-ம் தேதிதான் இறந்திருந்தார். பையன்களின் கிரிக்கெட்டுக்காக சூரத்தில் செய்துவந்த தொழிலை விட்டுவிட்டு வதோதராவுக்குக் குடிவந்தவர். மறுநாள் உடுத்த வேண்டியதை முந்தின நாளே எடுத்துவைப்பது அவர் பழக்கம். இறந்த அன்றும் ஷூ, பேன்ட், சட்டை, தொப்பி எல்லாம் பையில் தயாராக இருந்தன. அந்தப் பையை குருணால் வதோதராவிலிருந்து கொண்டுவந்து டிரெஸ்ஸிங் ரூமில் வைத்திருந்தார். அப்பா போட்டுக்கொள்ளவிருந்த துணிகளாவது கூட இருக்கட்டும் என்று.

இந்த பாரத்தோடு இறங்கியவர் கண்ணை மூடிக்கொண்டு சுற்றியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படி ஆடவில்லை. 41-வது ஓவரில் ஹர்திக் 1 ரன்னில் வெளியேற, இந்தியா 205-க்கு 5. தம்பி விட்ட இடத்தில் அண்ணன். எதிர்முனையில் கே.எல். ராகுல், அதற்கு முந்தைய டி20 தொடரில் இரண்டு முறை டக் அவுட் ஆனவர். அவர் நிலைகொள்ளும்வரை ரன் வேகத்தைத் தாங்கிப்பிடித்தது குருணால்தான். 31 பந்தில் 58 நாட் அவுட்: 7 பவுண்டரி, 2 சிக்ஸர். மீதி 22 பந்திலும் ஓடியே 18 ரன். 26 பந்தில் அரைசதம். அறிமுக ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக எட்டியதில்லை. பிரியாத அந்த ஜோடி 112 ரன் சேர்த்தது. ஸ்கோர் 317.

ஹர்திக் அன்று பந்துவீசவில்லை. எனவே 10 ஓவரையும் குருணாலே போட்டார். 59 ரன், ஒரு விக்கெட். இந்தியா 66 ரன்னில் வென்றது. அடுத்த ஆட்டத்தில் அவருடைய 6 ஓவரில் 72 ரன் போனது உண்மை. ஆனாலும் அவரது ஒருநாள் கணக்கை அந்த ஜூலையிலேயே 5 ஆட்டத்தோடு முடித்தது அவசர முடிவு. கடைசிப் பத்து ஓவரில் வந்து ஆட்டத்தைத் திருப்பும் இடக்கை ஆட்டக்காரர் அவர். 2025 ஐபிஎல் இறுதிப்போட்டியில் 4 ஓவரில் 17 ரன்னுக்கு 2 விக்கெட் எடுத்து பெங்களூருவுக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்த ஆட்டநாயகனும் அவர்தான்.