ஆணிக்கும் ஒரு கணக்கு

சிதம்பரம் பொன்னம்பலத்துக் கூரையை அண்ணாந்து பார்ப்பவர்கள் பொன்னைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆணியைப் பற்றிப் பேச ஆளில்லை.

மரபுக் கணக்குப்படி கூரையில் 21,600 பொன்னோடுகள், ஆணிகள் 72,000. ஓடுகள், நிமிடத்துக்குப் 15 வீதம் மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சு; ஆணிகள், உடம்பிலுள்ள நாடிகள். வகுத்தால் ஓட்டுக்கு மூன்றேகாலுக்குச் சற்று மேலே வருகிறது. எந்த ஆசாரியும் கால் ஆணி அடிப்பதில்லை. முகட்டுக்கும் விளிம்புக்கும் கூடுதலாகப் போயிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். எனக்குப் பிடித்தது வேறு. மற்ற இடங்களில் யாரும் சீந்தாத ஆணியை இங்கே எண்ணிக் கணக்கில் ஏற்றி, உடம்பில் அதற்கோர் இடமும் கொடுத்திருக்கிறார்கள்.

பொன் எங்கே உட்கார்ந்தாலும் அதற்கொரு பிடிப்பு வேண்டும். ஜப்பானில், கியோத்தோவின் 'சோகான்' வேலையில் இரும்புத் தகட்டை மயிரிழைக் கோடுகளாகக் குறுக்கும் நெடுக்கும் கீறி, நெய்த துணிபோலச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் பொன் தகட்டையோ கம்பியையோ வைத்துத் தட்டுவார்கள். பற்றவைப்பு கிடையாது, பசை கிடையாது. கீறலே பொன்னைக் கவ்விக்கொள்ளும். நம் தஞ்சாவூர்த் தட்டில் வெள்ளித் தகட்டை அச்சில் தட்டி உருவம் எழுப்பி, அடித்தட்டில் பொருத்தி ஓரத்தை இறுக்குகிறார்கள். அதில் நடுவிலிருக்கும் சாமியைவிட அந்த ஓரத்தைத்தான் நான் முதலில் தேடுவேன். கைத்தேர்ச்சி அங்கே தெரிந்துவிடும்.

தில்லை எனும் சிதம்பரத்தில் பொன்னைத் தாங்குவது மரம். சிற்சபை எனும் இந்தப் பொன்னம்பலத்தின் உடம்பே மரவேலை. கூரையின் சாயல் குடிசையுடையது. தில்லை மரம் அடர்ந்த காடாக இருந்த ஊர் இது. அந்த மரத்தைப் பிச்சாவரத்துச் சதுப்பில் இன்றும் பார்க்கலாம். இத்தனை பொன்னைப் போட்டும் கூரையின் குடிசைச் சாய்வை மாற்றாமல் விட்டார்களே, அந்த அடக்கம் அழகு. ஏறிப்போகும் ஐந்து படிகளுக்கும் வெள்ளித் தகடு; பஞ்சாட்சரப் படிகள்.

பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் இந்த அம்பலத்துக்குப் பொன் வேய்ந்தான். 1114இல் முதலாம் குலோத்துங்கனின் சகோதரி குந்தவை மறுபடி வேய்ந்தாள். அந்நாளைய கல்வெட்டுச் செய்தி இன்னொன்றும் உண்டு: காம்போச அரசன் குலோத்துங்கனுக்குக் காட்சிப் பொருளாகத் தந்த ஒரு கல்லை எதிரம்பலத்து முன்வரிசைக் கற்களிடையே பதித்தார்கள். கூரை முழுக்கப் பொன் வேய்ந்தவர்கள், கடல் கடந்து வந்த ஒற்றைக் கல்லுக்கும் இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள்.