முதல் மணிக்கு முன் வரவேண்டிய செய்தி

கொல்லிமலையில் பலா பழுக்கும் மாதமும் தமிழ்நாட்டில் பள்ளி திறக்கும் மாதமும் ஒன்றாகவே வருகின்றன. மலையின் 14 நாடுகளில், அதாவது ஊர்த்தொகுதிகளில், ஒன்றான திண்ணனூர் நாட்டில், ஜூன் முதல் வாரத்தில் கையில் இருக்கும் காசு எதற்குப் போகும் என்பது பழம் என்ன விலைக்குப் போனது என்பதைப் பொறுத்தது. பள்ளி திறக்கும் தேதி, விடுதியில் இடம், கொண்டுபோக வேண்டிய சான்றிதழ்கள், கட்ட வேண்டிய தொகை ஆகிய நான்கும் முன்கூட்டியே தெரிந்தால் அந்தக் குடும்பம் திட்டமிடும். தெரியாவிட்டால் பிள்ளை ஒரு மாதம் தாமதமாகப் போகும், அல்லது போகாமலே நின்றுவிடும்.

இந்தச் செய்தியை அனுப்ப வேண்டிய கத்தோலிக்கப் பள்ளிகளைப் பற்றிப் பேசும் முன் ஒன்று: இந்த மலையில் கிறிஸ்தவக் கல்வியை முதலில் கொண்டுவந்தவர்கள் கத்தோலிக்கர் அல்லர். ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற பாப்டிஸ்ட் தம்பதியர்தான் 1910களில் இங்கே குடியேறி மருத்துவமும் பள்ளியும் நடத்தினார்கள். தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சைக்குப் பெயர்பெற்ற மருத்துவர் பால் பிராண்ட் அவர்களுடைய மகன், 1914இல் பிறந்தவர். ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலுக்குப் பலியானார். இன்று மலைப்பிள்ளைகளில் பெரும்பாலோர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளிலும் படிக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் நிர்வாகத்தில் இம்மலை 1930இல் உருவான சேலம் மறைமாவட்டத்தின் எல்லைக்குள் வருகிறது. 'ஆர்.சி. ஸ்கூல்' என்றோ 'சிஸ்டர் ஸ்கூல்' என்றோ இங்கே யாராவது சொன்னால், அது பெரும்பாலும் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய்ச் சேரவேண்டிய கீழ்நாட்டுப் பள்ளி. ஆகவே அந்தப் பள்ளியின் புதுப்பருவச் செய்தியும் அதே 70 வளைவு ஏறித்தான் வரவேண்டும்.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பள்ளியின் ஜூன் மாதத்துக்கு ஒரு தனி ஒழுங்கு உண்டு. மே மாதத்திலேயே மறைமாவட்டங்களிலும் துறவற சபைகளிலும் மாற்றல் பட்டியல் வந்துவிடும். பள்ளி திறக்கும்போது தாளாளர் புதியவராக இருக்கலாம், தலைமையாசிரியை வேறு ஊருக்குப் போயிருக்கலாம். போன ஆண்டு 'பார்த்துக்கொள்ளலாம், அனுப்புங்கள்' என்று சொன்ன ஃபாதர் இந்த ஆண்டு அங்கே இல்லை. பட்டணத்துப் பெற்றோருக்கு இது பெரிய சேதி அல்ல. மலையிலிருந்து வருகிறவருக்கோ ஒரு தெரிந்த முகமே பாதிப் பள்ளி. அந்த முகம் மாறியது அவருக்கு அலுவலக வாசலில்தான் தெரிய வருகிறது. கல்வியாண்டுத் தொடக்கத் திருப்பலி, தூய ஆவியார் பாடல், திருஇருதய வணக்க மாதம் எல்லாம் அழகாக நடக்கும். அறிவிப்புப் பலகையிலும் வாட்ஸ்அப் குழுவிலும் தேதிகள் வரும். கொல்லிமலையின் எல்லா ஊரிலும் கைபேசி சிக்னல் ஒரே சீராகக் கிடைப்பதில்லை என்பதை அந்தக் குழுவை நடத்துகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தேதி மாறுவதும் சின்ன விஷயம் அல்ல. 2023இல் வெயிலால் திறப்பு தள்ளித் தள்ளிப் போய் மேல் வகுப்புகளுக்கு ஜூன் 12 ஆனது. 2024இல் ஜூன் 10. 2025இல் ஜூன் 2. டிரங்குப் பெட்டியோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிய பிறகு 'அடுத்த வாரம்தான்' என்று கேட்பது ஒரு குடும்பத்துக்கு இரண்டு நாள் கூலி, இரண்டு பஸ் செலவு.

இதைவிடச் சிக்கலானது ஒரே வளாகத்துக்குள் நடக்கும் இரண்டு பள்ளிகள். அரசு உதவிபெறும் தமிழ்வழிப் பிரிவு ஒன்று, சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவு மற்றொன்று என்று பல கத்தோலிக்கப் பள்ளிகள் இயங்குகின்றன. உதவிபெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது; பாடநூல் இலவசம், மதிய உணவு உண்டு. சுயநிதிப் பிரிவில் கட்டணம். வாசல் ஒன்று, மணி ஒன்று, சீருடையிலும் பல இடங்களில் பெரிய வேறுபாடு இல்லை. முதன்முறையாகப் பிள்ளையைச் சேர்க்க வரும் ஒரு தாய்க்கு எந்த வரிசையில் நின்றால் என்ன கிடைக்கும் என்று யார் சொல்வது? புதுப்பருவ அறிவிப்பின் முதல் வரியில் இருக்க வேண்டியது இதுதான். பெரும்பாலான அறிவிப்புகளில் கட்டண விவரம் இருக்கிறது. 'இந்தப் பிரிவில் கட்டணம் இல்லை' என்ற வரி இல்லை.

காலை உணவுத் திட்டம் இந்த இடத்தில் ஒரு நல்ல செய்தியைச் சேர்த்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம், 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதை முதல்வர் தொடங்கிவைத்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியின் புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. 2025 ஆகஸ்ட் 26 அன்று நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு விரிவானபோது தொடக்க விழா நடந்தது மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில். இரண்டும் கத்தோலிக்கப் பள்ளிகள். அரசு தன் தட்டைத் திருச்சபையின் பந்தியில் கொண்டுவந்து வைத்தது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தந்த செய்தி.

பள்ளி யாருடையது என்பதில் இலங்கையில் கதை தலைகீழ். அங்கே கத்தோலிக்கப் பெயர் தாங்கிய பள்ளி பெரும்பாலும் அரசுடையது. பெயரும் நினைவும் மட்டுமே திருச்சபைக்கு உரியவை.

1945இல் கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியில் இலவசக் கல்வி வந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் அரசு உதவிபெற்ற பாடசாலைகளை அரசின் கைக்கு மாற்றின. கத்தோலிக்கப் பெற்றோர் பல இடங்களில் பாடசாலைக்குள் புகுந்து இரவு பகலாகத் தங்கி எதிர்த்தார்கள். பம்பாய் கர்தினால் வலேரியன் கிராசியஸ் கொழும்புக்கு வந்து அரசோடும் ஆயர்களோடும் பேசிய பிறகே பிணக்கு தணிந்தது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் கேரளத்தின் 1957ஆம் ஆண்டுக் கல்வி மசோதா உச்ச நீதிமன்றத்தின் முன் போய், 1958இல் அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவைக் காட்டி நீதிமன்றம் சிறுபான்மையினர் உரிமையை வலியுறுத்தியது. இந்தியாவில் சாசனம் தடுத்தது. இலங்கையில் அப்படி எதுவும் தடுக்கவில்லை. மட்டக்களப்பில் 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி இன்று அரசின் தேசியப் பாடசாலை. யாழ்ப்பாணத்தில் 1850இல் தொடங்கிய புனித பத்திரிசியார் கல்லூரி, கட்டணம் வாங்காத தனியார் பாடசாலையாக நிற்பதைத் தேர்ந்தெடுத்தது. அரசுப் பணமும் இல்லை, கட்டணமும் வாங்கக் கூடாது என்ற நிலையில் அப்படி நின்ற பாடசாலைகளைப் பல ஆண்டுகள் தாங்கியவர்கள் பங்கு மக்களும் பழைய மாணவர்களும்தான்.

அந்தப் பழக்கம் இன்றும் ஜனவரியில் தெரிகிறது. முதலாம் தவணை தொடங்கும்போது தரம் 1க்கு வரும் பிள்ளைகளுக்குக் கால்கோள் விழா. பெரிய வகுப்புப் பிள்ளைகள் சின்னவர்களின் கையைப் பிடித்து அழைத்து வருகிறார்கள், அதிபர் வாசலில் நிற்கிறார், பெற்றோரும் மண்டபத்தில் உட்காருகிறார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டத்துக்குத் தேதி சொல்லப்படுகிறது. பழைய மாணவர் சங்கம் தன் பங்கை அறிவிக்கிறது. இல்ல மெய்வல்லுநர் போட்டியும் கிரிக்கெட்டும் அந்தத் தவணையை நிறைக்கின்றன. தமிழ்நாட்டில் முதல் நாள் என்பது பெரும்பாலும் புத்தகம் வாங்கும் நாள். இலங்கையில் அது வரவேற்கும் நாள். இந்த ஒன்றில் அவர்களே முந்தியவர்கள் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

தேதித் தொல்லை அவர்களுக்கும் குறைவில்லை. பெருந்தொற்றும் 2022இன் பொருளாதார நெருக்கடியும் கல்வியாண்டையே இடம்பெயர்த்தன. 2023ஆம் கல்வியாண்டு மார்ச் 27இல் தொடங்கியது, 2024இன் ஆண்டு பெப்ரவரி 19இல், 2025இன் ஆண்டு ஜனவரி 27இல். மெல்ல மெல்ல ஜனவரிக்குத் திரும்பி வந்தார்கள். பாடநூல் 1980 முதலும் சீருடைத் துணி 1993 முதலும் இலவசம் என்பதால் அந்தக் குழப்பத்திலும் ஒரு ஏழைப் பெற்றோருக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ இருந்தது.

அனுமதியில் மட்டும் 1961 இன்னும் உயிரோடு இருக்கிறது. அரசு பொறுப்பேற்ற பாடசாலைகளில், பொறுப்பேற்ற காலத்தில் எந்தச் சமயத்துப் பிள்ளைகள் எந்த விகிதத்தில் இருந்தார்களோ அந்த விகிதத்தைத் தரம் 1 அனுமதியில் கணக்கில் எடுக்கிறார்கள். அதோடு வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையிலான தூரம், பழைய மாணவரின் பிள்ளையா, அண்ணன் அக்கா அங்கே படிக்கிறார்களா என்று புள்ளிகள். வீட்டுக்கு அருகே வேறு பாடசாலை இருந்தால் புள்ளி குறையும். மலையகத்தில் ஹட்டன் நகரத்துப் புனித ஜோன் பொஸ்கோ கல்லூரிக்கோ புனித கபிரியேல் பாடசாலைக்கோ தன் பிள்ளையை அனுப்ப நினைக்கும் தோட்டத் தொழிலாளிக்கு இந்தக் கணக்கு சாதகமாக அமைவது கடினம். அவர் வீட்டுக்கு அருகில் தோட்டப் பாடசாலை இருக்கும். அவர் பழைய மாணவராகவும் இருக்கமாட்டார். இந்தத் தொழிலாளர்களில் பலரின் முன்னோர் சேலம், திருச்சி வட்டாரங்களிலிருந்து போனவர்கள். அவர்களில் சிலர் கொல்லிமலையின் அடிவாரத்து ஊர்க்காரர்களாகவே இருந்திருக்கலாம். இங்கே 'மலையாளி' என்று பெயர்கொண்ட கொல்லிமலைப் பழங்குடிக் குடும்பத்தை நிறுத்திவைப்பது சாதிச் சான்றிதழும் விடுதி இடமும். அங்கே தேயிலை மலைக் குடும்பத்தை நிறுத்திவைப்பது தூரப் புள்ளி. முறைகள் வேறு, மலையில் இருப்பவன் கடைசியில் நிற்பது ஒன்று.

சமயப் பாடத்தில் இரு நாடுகளின் வேறுபாடு இன்னும் ஆழம். இலங்கையில் சமயம் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குரிய பாடம். கத்தோலிக்கப் பிள்ளை கத்தோலிக்க சமயம் படிக்கும், சைவப் பிள்ளை சைவநெறி படிக்கும், கால அட்டவணையிலேயே இரண்டுக்கும் இடம் உண்டு. இந்தியாவில் சாசனத்தின் 28ஆம் பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் சமயப் போதனைக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. அது நல்ல வேலி. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகும்போது மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். ஆனால் மலைக்கோயிலின் அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு வளர்ந்த ஒரு கொல்லிமலைப் பிள்ளைக்கு, தன் வழிபாடும் இந்த வளாகத்தில் மதிக்கப்படும் என்று முதல் நாளில் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. இலங்கையில் கால அட்டவணை அதைச் சொல்லிவிடுகிறது. இங்கே சட்டம் பிள்ளையைக் காக்கிறது. சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர்.

திருவழிபாட்டு ஆண்டும் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வந்து விழுகிறது. ஜனவரி 16 புனித யோசேப்பு வாஸ் திருநாள். கோவாவில் பிறந்து 1687இல் இலங்கைக்குப் போன அந்தக் குருவைப் புனிதர் என்று 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அறிவித்தார். தவக்காலமும் அங்கே முதலாம் தவணையிலேயே வரும், புது நோட்டோடு விரதமும் தொடங்கும். தமிழ்நாட்டில் தவக்காலம் பொதுத்தேர்வு நாட்களில் சிக்கிக்கொள்கிறது. இங்கே முதல் பருவத்துக்குள் வருவது ஆடி. ஆடி 17, 18 நாட்களில் கொல்லிமலையில், அதை ஆண்ட வல்வில் ஓரிக்கு விழா. நாமக்கல் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். விடுதிப் பிள்ளைகள் மலையேறிப் போவார்கள். சேர்ந்து இரண்டே மாதம் ஆன பிள்ளை வீட்டையும் விழாவையும் பார்த்த பிறகு மறுபடி பெட்டியைத் தூக்குமா என்பது அந்த வாரத்தில் முடிவாகிறது. எந்தப் பருவ அறிவிப்பிலும் இந்த வாரத்துக்கு ஒரு வரி ஒதுக்கப்பட்டதை நான் பார்த்ததில்லை.

பள்ளியைச் சொந்தமாக வைத்திருக்கும் உரிமை இலங்கைத் திருச்சபைக்குப் பெரும்பாலும் கைநழுவியது. தமிழ்நாட்டுத் திருச்சபையிடம் அது முழுதாக இருக்கிறது. தாளாளரை நியமிப்பதும், விடுதி இடத்தை யாருக்கு ஒதுக்குவது என்று தீர்மானிப்பதும், அறிவிப்பை எப்படி எழுதுவது என்பதும் அதன் கையில். உரிமை இழந்தவர்கள் சமூகத்தைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். உரிமை உள்ளவர்கள் சமூகத்தைத் தேடிப் போகவில்லை என்றால் அந்த உரிமைக்காக நீதிமன்றம் வரை போனதற்கு என்ன பொருள்?

சேலம் மறைமாவட்டத்தின் தாளாளர்களுக்கும், விடுதி நடத்தும் அருட்சகோதரிகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஏப்ரலில் பள்ளி மூடும் முன்பே ஒருவர் மலையேறி வாருங்கள். அச்சடித்த ஒரு தாள் போதும்: திறப்புத் தேதி, கட்டணமில்லாத பிரிவு எது, விடுதியில் எத்தனை இடம், பழங்குடியினர் சான்றிதழ் இன்னும் கிடைக்காவிட்டாலும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வோம் என்ற உறுதி, மாற்றலில் வந்திருக்கும் புதியவரின் பெயர். அதை ரேஷன் கடையிலும், மலைக்கு வரும் பஸ்ஸிலும், சோளக்காடு சந்தையிலும் ஒட்டுங்கள். ஊர்க்கவுண்டரிடம் ஒரு படி கொடுங்கள். ஜூனில் அந்தப் பிள்ளைகள் வரும்போது ஹட்டனிலும் யாழ்ப்பாணத்திலும் செய்வதுபோல் பெரிய வகுப்புப் பிள்ளைகளை வாசலுக்கு அனுப்பி அழைத்து வாருங்கள். ஓரி விழா முடிந்த மறுவாரம் வகுப்பில் காலியாக இருக்கும் இடங்களை எண்ணி, அந்தப் பெயர்களோடு மறுபடியும் ஒருமுறை திண்ணனூர் நாட்டுக்கு ஏறி வாருங்கள்.