யோனா நூலில் எச்சரிக்கையும் இரக்கமும்: 'கவிழ்தல்' என்னும் வினையை முன்வைத்து

எபிரேயப் பன்னிரு சிறு தீர்க்கதரிசன நூல்களுள் யோனா தனித்து நிற்கிறது. ஏனையவை தீர்க்கதரிசியின் வாக்குகளைத் தொகுக்கின்றன. இது தீர்க்கதரிசியின் கதையைச் சொல்கிறது. நினிவேயில் அவர் அறிவித்த எச்சரிக்கை எபிரேயத்தில் ஐந்தே சொற்கள் (3:4). அதில் குற்றம் இன்னதென்ற குறிப்பில்லை; திருந்தினால் தப்பலாம் என்ற நிபந்தனையும் இல்லை. நாற்பது நாள் கெடுவும், அதன்பின் நகரம் கவிழும் என்ற முடிவும் மட்டுமே உள்ளன. (கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் கெடு மூன்று நாளாகச் சுருங்கிவிடுகிறது.)

'கவிழ்தல்' என்பதற்குரிய எபிரேய வினை 'ஹாபக்'. சோதோமின் அழிவைக் கூற ஆதியாகமம் (19:25) ஆளும் வினை இதுவே. சவுலின் உள்ளம் வேறொன்றாக மாற்றப்பட்டதைக் கூறும் இடத்திலும் (1 சாமுவேல் 10:9) இதே வினை வருகிறது. எனவே வாக்கினை 'நினிவே அழியும்' என்றும் 'நினிவே மாறும்' என்றும் கொள்ளலாம். தனக்கு உரைக்கப்பட்டது நன்மைக்கா தீமைக்கா என்பதை யோனா அறியவில்லை எனப் பாபிலோனியத் தால்முத் (சன்ஹெத்ரின் 89ஆ) குறிப்பது இவ்விருபொருளைச் சுட்டுவதே. நகரம் மாறியது, ஆதலால் வாக்கு பொய்க்கவில்லை என்பது இவ்வாசிப்பின் முடிவு.

இவ்விளக்கம் அழகியது, ஆயின் போதுமானதன்று. கடவுள் தாம் செய்வதாகக் கூறிய தீங்கைக் கைவிட்டார் என நூலே வெளிப்படையாகச் சொல்கிறது (3:10). வாக்கு தொடக்கமுதலே மனமாற்றத்தை மட்டும் குறித்ததெனில் கைவிடுவதற்கு எதுவுமில்லை; யோனா சினப்பதற்கும் காரணமில்லை. சிலேடை தீர்க்கதரிசியின் வாக்கைக் காக்கிறது. அவருடைய வழக்கையோ இல்லாததாக்கிவிடுகிறது.

அவ்வழக்கின் கூர்மை 4:2இல் வெளிப்படுகிறது. யாத்திராகமம் 34:6 கடவுளின் இயல்புகளை அடுக்கும்போது பேரன்பினை அடுத்து 'எமெத்' (உண்மை) என்பதை வைக்கிறது. யோனாவின் அடுக்கில் 'எமெத்' இல்லை. அவ்விடத்தில் தீங்கு செய்யாது மனமிரங்குதல் வந்தமர்கிறது. இதற்குரிய 'நஹம்' என்னும் வினையடியைப் பழைய தமிழ் வேதாகமம் 3:10இல் 'மனஸ்தாபம்' என்று பெயர்க்கிறது. இன்றைய வாசகருக்கு அச்சொல் இருவரிடைப் பிணக்கையே நினைவூட்டும் என்பது வேறு செய்தி. யோவேல் 2:13இலும் இதே மாற்றம் உண்டு; ஆகவே இதனை யோனா ஆசிரியரின் புத்தாக்கம் எனத் துணிதல் இயலாது. ஆனால் முறையிடுபவரின் தந்தை பெயர் அமித்தாய். அது 'எமெத்' என்பதோடு தொடர்புடையது. உண்மையின் மகன், உண்மை இருந்த இடத்தில் இரக்கம் அமர்ந்திருப்பதையே குற்றமாகச் சாட்டுகிறார். நிறைவேறாத வாக்கு கடவுளுடையதன்று என்கிறது உபாகமம் 18:22. அதை அளவுகோலாகக் கொண்டால் நினிவே பிழைத்ததும் யோனா பொய்யராகிறார். எரேமியா 18:7-8 இதற்கு வேறு விதி தருகிறது: அழிவு அறிவிக்கப்பட்ட இனம் தீமையை விட்டுத் திரும்பினால் அறிவிப்பும் விலகும். நினிவேயில் நிகழ்வது இவ்விதியே. எனினும் யோனா அதனால் அமைதி பெற்றதாக நூல் கூறவில்லை.

ஓசியா 11:8இல் 'ஹாபக்' மீண்டும் வருகிறது. அங்கே புரள்வது கடவுளின் உள்ளம். நினிவேயிலும் கவிழ்ந்தது நகரன்று, தீர்ப்பே எனக் கொள்ள அவ்வடி இடந்தருகிறது. தமிழ்ப் பெயர்ப்பில் இவ்விரு இடங்களின் வினையொற்றுமை புலப்படுவதில்லை.

நூல் முடியும் இடத்தில் யோனாவின் மறுமொழி இல்லை. ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாந்தரையும் மிகுதியான கால்நடைகளையும் சுட்டிக் கடவுள் கேட்கும் வினாவே இறுதி. பன்னிரு நூல்களுள் வினாவில் முடிவது இதனையன்றி நாகூம் ஒன்றே. அதுவும் நினிவேயைப் பற்றியது. யாத்திராகமத்தின் அதே அடுக்கிலிருந்து, குற்றவாளியைத் தண்டியாது விடார் என்னும் கூற்றை நாகூம் எடுத்துக்கொள்கிறது (1:3). கி.மு. 612இல் நினிவே வீழ்ந்தது. எழுபதின்மர் வரிசையில் இவ்விரு நூல்களும் அடுத்தடுத்தே நிற்கின்றன.