மரப்பாச்சியின் மஞ்சள் சேலை

வில்லியனூர் சுடுமண் பொம்மைக்குத் துணி வேண்டாம்; சேலை மடிப்பும் நகையும் மண்ணிலேயே வந்துவிடும். அந்தக் கலைக்காகத்தான் அவ்வூர் முனுசாமிக்கு 2020-ஆம் ஆண்டின் பத்மஸ்ரீ கிடைத்தது.

மரப்பாச்சி வேறு. செம்மரத்தில் செதுக்கிய அந்த ஜோடி, கொலுப்படி ஏறுமுன் உடுத்தியாக வேண்டும். ரவிக்கைத் துணியில் மிஞ்சிய ஒரு சாண் துண்டு போதும்.

கைக்குழந்தை வாயில் வைக்கும் பொம்மை என்றால் வெள்ளைப் பருத்தியை மஞ்சளில் நனைப்பதே அழகு. கொதிக்கும் மஞ்சள் நீரில் துணி சில நிமிடங்களிலேயே நிறம் பிடித்துவிடும். மஞ்சளிலுள்ள குர்க்குமினுக்குக் கிருமிகளை ஒடுக்கும் குணம் உண்டு. ஆனால் வெயிலில் அது சிதையும். நிழலில்தான் உலர்த்த வேண்டும். சோப்புப் பட்டால் மஞ்சள் சட்டெனச் சிவக்கும், எலுமிச்சைச் சாறு பட்டால் திரும்பவும் மஞ்சளாகும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத வித்தை அது!

ஓரத்து ஜரிகையின் பெயரில் பாரசீகப் பொன் ஒளிந்திருக்கிறது. 'ஜர்' என்றால் அம்மொழியில் தங்கம். கலம்காரி என்பதும் அங்கிருந்து வந்த சொல்தான், எழுதுகோல் வேலை என்று பொருள். 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைத் துணிகள் பாரசீகத்துக்குக் கப்பலேறின.

முந்தானையில் ஓர் உருவம் வரைவதென்றால் சீமுர்க் பறவையை வரையலாம். ஃபிர்தௌசியின் பாரசீகக் காவியமான 'ஷாநாமா'வில், வெண்முடியோடு பிறந்ததால் மலையில் விடப்பட்ட ஜால் என்ற குழந்தையை வளர்த்தது அதுதான். பின்னாளில் அவன் மனைவி ருதாபாவின் பிரசவக் காயத்தை ஆற்றியதும் அதன் இறகே. விரல் நீள மஞ்சள் முந்தானையில் அந்த ஓர் இறகை மட்டும் எழுதினாலே போதும்.